சாலையோர வியாபாரி கார்டு: நெல்லையில் எதற்கு உதவும், எதற்கு உதவாது

டவுன் வாகையடி முக்கிலோ பாளை மார்க்கெட் ஓரத்திலோ தரைக்கடை போட்டிருப்பவரிடம் “கார்டு இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டுப் பாருங்கள். கத்தையாக எடுத்து நீட்டுவார். சங்கத்து அட்டை, இ-ஷ்ரம் அட்டை, நலவாரிய அட்டை, உள்ளாட்சி கொடுத்த சாலையோர வியாபாரி அடையாள அட்டை, அதற்கடியில் நாலாக மடித்த, ஸ்வநிதி என்கிற மத்திய அரசுக் கடன் திட்டத்துக்கான பரிந்துரைக் கடிதம். எல்லாவற்றிலும் போட்டோ இருக்கும், முத்திரை இருக்கும். கடையைத் தூக்க லாரி வந்து நிற்கிற நேரத்தில் இதில் எதை நீட்டுவது என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. சங்கத்து அட்டையை நீட்டினால் “இது செல்லாது” என்பார்கள். அந்தப் பதிலில் தப்பும் இல்லை.

இந்தக் கத்தையில் உண்மையில் எது வேலை செய்கிறது, எதை எப்படி வாங்க வேண்டும், எங்கே கோளாறு வரும் என்பதற்கான விமர்சனம் இது. தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அடையாள அட்டையைக் கட்டாயம் வாங்குங்கள். ஆனால் அதோடு வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். விற்பனைச் சான்று என்று இன்னொரு தாள் இருக்கிறது. இடமும் நேரமும் அதில்தான் எழுதப்படும். இடம் எழுதாத அட்டை கையில் இருப்பது, ரேஷன் கார்டில் பேர் இருந்தும் கடைக்குப் போனால் பாமாயில் இல்லை என்கிற கதைதான்.

அட்டைக்கும் சான்றுக்கும் என்ன வித்தியாசம்

சாலையோர வியாபாரிகள் (வாழ்வாதாரப் பாதுகாப்பு மற்றும் சாலையோர விற்பனை ஒழுங்குமுறை) சட்டம் 2014ஆம் ஆண்டு மே 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு முன்பும் ஒன்றுமே இல்லாமல் இல்லை. நடைபாதையில் வியாபாரம் செய்வது நியாயமான கட்டுப்பாடுகளுக்கு உட்பட்ட தொழில் உரிமைதான் என்று உச்ச நீதிமன்றம் 1989இல் சோதன் சிங் வழக்கிலேயே சொல்லிவிட்டது. ஆனால் தீர்ப்பைக் காட்டி வண்டியை மீட்க முடியாது. யார் வியாபாரி, எந்த இடம், யார் தாள் கொடுப்பது என்ற நடைமுறையை 2014ஆம் ஆண்டுச் சட்டம்தான் கொண்டுவந்தது.

அந்தச் சட்டப்படி அடையாள அட்டை “இவர் சாலையோர வியாபாரி” என்று சொல்கிறது. விற்பனைச் சான்று “இவர் இந்த இடத்தில், இந்தச் சரக்கை, இந்த நேரத்தில் விற்கலாம்” என்று சொல்கிறது. போலீஸோ வேறு அதிகாரிகளோ தொந்தரவு செய்யக் கூடாது என்கிற 27ஆம் பிரிவை ஒரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள். சான்றில் கண்ட நிபந்தனைப்படி வியாபாரம் செய்பவருக்குத்தான் அந்தப் பாதுகாப்பு. காலை 6 முதல் 11 வரை என்று சான்றில் இருந்து, சாயங்காலமும் அதே இடத்தில் கடை விரித்தால், ஏட்டையா வந்து எழுப்புவதை அந்தப் பிரிவு தடுக்காது. சான்றே இல்லாமல் வெறும் அட்டையை வைத்திருப்பவருக்கு எந்த நிபந்தனைப்படி நடக்கிறார் என்று காட்டவே வழி இல்லை.

சான்று இன்னும் கைக்கு வரவில்லை என்றால் பிடித்துக்கொள்ள வேண்டியது 3ஆம் பிரிவின் 3ஆம் உட்பிரிவு. கணக்கெடுப்பு முடிந்து எல்லோருக்கும் சான்று கொடுத்து முடியும் வரை, எந்த வியாபாரியையும் அப்புறப்படுத்தவோ இடம் மாற்றவோ கூடாது என்கிறது அது. இதை ஒரு தாளில் அச்சடித்து அட்டையோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். வாயால் சொன்னால் எடுபடுவதில்லை. தாளில் பிரிவு எண்ணோடு காட்டினால் “சரி, மேலே கேட்டுச் சொல்கிறோம்” என்கிற அளவுக்காவது பேச்சு வரும்.

கணக்கெடுப்பில் பேர் ஏறுவது

சட்டப்படி ஐந்து ஆண்டுக்கு ஒரு தடவையாவது கணக்கெடுப்பு நடக்க வேண்டும். கடையில் ஆளை நிறுத்திப் போட்டோ எடுப்பார்கள், ஆதார் எண், செல் நம்பர், சரக்கு, இடம் எல்லாம் பதிவாகும். பேர் விட்டுப்போவதற்கோ பின்னால் தடங்கல் வருவதற்கோ பெரும்பாலும் மூன்று காரணங்கள்தான்.

முதல் காரணம் நேரம். கணக்கெடுக்க வருபவர் அலுவலக நேரத்தில் வருவார். சாயங்காலம் 5 மணிக்கு மேல் அடுப்பு மூட்டுகிற பஜ்ஜிக் கடை, விடியற்காலையில் நயினார்குளம் மார்க்கெட்டில் சரக்கெடுத்து 9 மணிக்குள் விற்று முடித்துவிடுகிற கீரைக்காரர், தை மாதம் மட்டும் பனங்கிழங்கும் சித்திரை, வைகாசியில் நுங்கும் கொண்டுவருகிறவர்கள், இவர்கள் யாரும் பகல் 12 மணிக்கு இடத்தில் இருக்க மாட்டார்கள். கணக்கெடுப்பு நடக்கிறது என்று காதில் விழுந்ததும் அந்த வார்டுக்கான சமுதாய அமைப்பாளரைப் பிடித்து, எந்த நேரத்தில் கடை இருக்கும் என்று எழுதிக் கொடுத்துவிட வேண்டும். நகர்ப்புற வாழ்வாதார இயக்கத்தின் கீழ் இந்த வேலையைப் பார்ப்பவர்கள் அவர்கள்தான்.

இரண்டாவது பேர். ஆதாரில் “முத்துலட்சுமி”, வாக்காளர் அட்டையில் “எம். முத்துலெட்சுமி”, வங்கிப் புத்தகத்தில் கணவர் பேரோடு சேர்த்து ஒன்று. கணக்கெடுப்பில் இதனால் பெரிய தடங்கல் வராது. கடனுக்குப் போகும்போது விண்ணப்பம் இந்த இடத்தில்தான் நின்றுவிடும். ஆதாரில் உள்ள எழுத்தை மூலமாக வைத்துக்கொண்டு மற்றதை அதற்கு மாற்றுங்கள். மாற்றி மாற்றித் திருத்தப் போனால் முடிவே இராது.

மூன்றாவது செல் நம்பர். ஆதாரோடு இணைத்த நம்பர் ரீசார்ஜ் போடாமல் செத்திருக்கும், இல்லையென்றால் வேலைக்குப் போன மகன் கையில் இருக்கும். ஓடிபி எண் அங்கே போகும், இங்கே இருப்பவர் முழிப்பார். கணக்கெடுப்புக்கு முன்பே ஆதார் மையத்துக்குப் போய்த் தன் கையில் இருக்கும் நம்பரை ஏற்றிவிடுவதுதான் இந்த மொத்தக் காரியத்தில் செய்ய வேண்டிய முதல் வேலை. மற்றதெல்லாம் பிறகுதான்.

முகவரி பற்றிய பயம் தேவை இல்லை. சேரன்மகாதேவியிலிருந்தோ கங்கைகொண்டானிலிருந்தோ தினமும் பஸ்ஸில் வந்து டவுனில் விற்பவர், மாநகராட்சிக்குள் வீடு இல்லை என்பதால் தகுதி இழப்பதில்லை. எங்கே விற்கிறார் என்பதே கணக்கு.

கணக்கெடுப்பிலேயே விட்டுப்போனவர்கள் வெள்ளைத்தாளில் மனு எழுதி, உள்ளூர் விசாரணை நடத்திப் பரிந்துரைக் கடிதம் தரக் கேட்கலாம். ஸ்வநிதி நெறிமுறையிலேயே இதற்கு இடம் இருக்கிறது. சங்க உறுப்பினர் அட்டை, ஊரடங்கு காலத்தில் உதவி பெற்றதற்கான ஆவணம், இவையெல்லாம் ஆதாரமாக எடுத்துக்கொள்ளப்படும். இவற்றோடு தினவசூல் ரசீதையும் சேருங்கள். குத்தகைதாரர் கிழித்துத் தரும் துண்டுச் சீட்டை அன்றைக்கே கசக்கிப் போடுகிறவர்கள்தான் அதிகம். மாதத்துக்கு ஒன்றாவது போட்டோ எடுத்து வையுங்கள். மை ஆறு மாதத்தில் மங்கிவிடும், போட்டோ மங்காது. அந்த இடத்தில் எத்தனை ஆண்டாக இருக்கிறீர்கள் என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி சாலையோரத்தில் கிடைக்காது.

இடத்தை எழுதுவதில்தான் எல்லாம் இருக்கிறது

படிவத்தில் “விற்பனை இடம்” என்ற கட்டத்தை நிரப்பும் விதத்தில்தான் பின்னால் வரும் பாதி வழக்கு தீர்மானமாகிறது. “கீழ ரத வீதி” என்று எழுதினால் அது முழுத் தெரு. நாளைக்கு யார் வேண்டுமானாலும் “அந்தப் பக்கம் போய் உட்காரு” என்று சொல்லலாம், அதுவும் கீழ ரத வீதிதான். “முருகன்குறிச்சி பஸ் நிறுத்தம் அருகில்” என்பதும் இதே ரகம். நிறுத்தத்தை நகர்த்தினால் உங்கள் இடமும் நகர்ந்துவிடும்.

எழுத வேண்டிய விதம் இது: தெருப் பேர், தெருவின் எந்தப் பக்கம், பக்கத்து மின்கம்பத்தின் எண், கம்பத்திலிருந்து எந்தத் திசையில் எத்தனை அடி, கடையின் நீளம் அகலம், தொடங்கும் நேரம், முடியும் நேரம், சரக்கு. அடையாளத்துக்குப் பக்கத்துக் கடையின் பேரை மட்டும் எழுதாதீர்கள். ஜவுளிக்கடை நாளைக்கு மொபைல் கடையாகிவிடும், கம்பத்தின் எண் அவ்வளவு சீக்கிரம் மாறாது. தள்ளுவண்டியாக இருந்தால் சக்கரம் நிற்கிற இடமும், முன்னால் விரிக்கிற படங்கும், குடை விரியும் அகலமும் சேர்த்து அளந்து போடுங்கள். வண்டியை மட்டும் அளந்து 6 அடிக்கு 3 அடி என்று எழுதிவிட்டு, ஸ்டூலும் தண்ணீர்க் குடமும் அடுப்பும் வெளியே இருந்தால், அதெல்லாம் ஆக்கிரமிப்புக் கணக்கில் போகும்.

சரக்கையும் கொஞ்சம் அகலமாக எழுதச் சொல்லுங்கள். “நுங்கு” என்று மட்டும் எழுதினால் ஆடி மாதத்துக்குப் பிறகு என்ன விற்பீர்கள்? “நுங்கு, பதநீர், பனங்கிழங்கு, பருவகாலப் பழங்கள்” என்று இருந்தால் ஆண்டு முழுக்கப் பேச்சு வராது.

நிலைக்கடையா நடமாடும் கடையா என்ற கேள்வியில் நிறையப் பேர் அவசரப்பட்டு ஒன்றைச் சொல்லிவிடுகிறார்கள். காலையில் கோயில் வாசலில் பிச்சிப்பூக் கூடையோடு உட்கார்ந்துவிட்டு, சாயங்காலம் தெருத்தெருவாகப் போகிற அக்காமார் நெல்லையில் ஏராளம். நடமாடும் வியாபாரி என்று பதிந்தால் கோயில் வாசல் இடத்துக்கு உரிமை கேட்க முடியாது. நிலைக்கடை என்று பதிந்தால் தெருவில் போகும்போது கேள்வி வரும். வருமானத்தில் பெரும்பங்கு எங்கிருந்து வருகிறதோ அந்த வகையில் பதிவதே நல்லது. அநேகமாக அது உட்கார்ந்து விற்கும் இடமாகத்தான் இருக்கும்.

ஒரே இடத்தைக் காலையில் ஒருவர், மாலையில் ஒருவர் என்று பங்கிட்டிருந்தால், தன் நேரம் முடிந்ததும் சரக்கையும் சாமானையும் எடுத்துவிட வேண்டும் என்பது 14ஆம் பிரிவு. வண்டியைச் சங்கிலி போட்டுக் கம்பத்தில் கட்டிவிட்டுப் போகிற வழக்கம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

ஆனித் தேரோட்டத்துக்கு நாலு ரத வீதியையும் காலி செய்யச் சொல்வதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. தேர் நிலைக்கு வந்த பிறகு திரும்பி வந்தால் தன் இடத்தில் வேறொருவர் இருப்பதுதான் சிக்கல். கம்ப எண்ணோடு எழுதிய சான்று அப்போது கைகொடுக்கும். வாய்வழக்கு எடுபடாது.

சட்டம் எட்டாத இடங்கள்

ரயில்வே நிலத்துக்கு இந்தச் சட்டம் பொருந்தாது. முதல் பிரிவிலேயே விலக்கிவிட்டார்கள். ஜங்ஷன் ரயில் நிலையத்தின் முன்பகுதியில் நிற்பவர்கள் தங்கள் இடம் ரயில்வே எல்லைக்கு உள்ளேயா வெளியேயா என்று முதலில் பார்த்துக்கொள்ள வேண்டும். உள்ளே என்றால் உள்ளாட்சி அட்டை எத்தனை இருந்தாலும் அங்கே பயன் இல்லை.

அதேபோல இந்தச் சட்டத்தில் உள்ளாட்சி என்றால் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி. அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம், களக்காடு நகராட்சிகளில் கேட்கலாம், பேரூராட்சிகளிலும் கேட்கலாம். கிராம ஊராட்சிச் சந்தையில் கடை போடுபவருக்கு விற்பனைச் சான்று கொடுக்கும் அமைப்பே அங்கே கிடையாது.

இன்னொரு வரம்பு எண்ணிக்கை. ஒரு வார்டு, மண்டலம் அல்லது நகரத்தின் மக்கள் தொகையில் 2.5 விழுக்காடு வரை வியாபாரிகளுக்கு இடம் கொடுக்க வேண்டும் என்பது அளவுகோல். 2011 கணக்கெடுப்பில் நெல்லை மாநகராட்சியின் மக்கள் தொகை சுமார் 4.73 இலட்சம். அதில் 2.5 விழுக்காடு என்றால் ஏறத்தாழ 11,800 பேர். ஒரு வார்டில் இடம் இல்லை என்றால் பக்கத்து வார்டில் இடம் காட்ட வேண்டும் என்பதுதான் நோக்கம். “கோட்டா முடிந்துவிட்டது” என்று திருப்பி அனுப்பினால், எந்த வார்டில் எத்தனை பேருக்குச் சான்று கொடுத்திருக்கிறார்கள் என்ற பட்டியலைத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில். கூடவே, விற்பனை மண்டலம் பிரிப்பது பற்றிப் பேசுகிற நகர விற்பனைக் குழுக் கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு, விற்பனை மண்டலங்களின் பட்டியல் இரண்டையும் அதே மனுவில் கேட்டுவிடலாம்.

இரண்டாம் அட்டவணையில் ஒரு வரி இருக்கிறது. அதை யாரும் பெரிதாகப் பேசுவதில்லை. ஐம்பது ஆண்டுக்கு மேலாகச் சாலையோர வியாபாரம் நடந்துவரும் இயல்புச் சந்தைகளைப் பாரம்பரியச் சந்தைகளாக அறிவிக்க வேண்டும், அங்கே இருப்பவர்களை இடம் மாற்றக் கூடாது என்கிறது அது. கோயிலைச் சுற்றிய ரத வீதிகளைப் போன்ற இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான விதி வேறில்லை. ஆனால் தனியாள் கேட்டு நடக்கிற காரியம் இல்லை இது. நகர விற்பனைக் குழு தீர்மானம் போட வேண்டும். பழைய போட்டோ, பழைய தரை வாடகை ரசீது, தாத்தா காலத்து ஆவணம் எதுவாக இருந்தாலும் சேர்த்து அந்தக் குழுவுக்குத்தான் மனுப் போட வேண்டும்.

அந்தக் குழுவில் ஆணையர் தலைவர். உறுப்பினர்களில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகள், அவர்களும் வியாபாரிகளே தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும், அதில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். தேர்தல் வரும்போது “நமக்கெதுக்கு” என்று போகாமல் இருப்பவர்கள், பிறகு விற்பனை இல்லா மண்டலமாகத் தங்கள் தெருவைக் குறித்துவிட்டார்கள் என்று புலம்பிப் பயனில்லை. மண்டலம் பிரிக்கிற பேச்சு அந்த மேஜையில்தான் நடக்கிறது.

லாரி வந்தால்

சான்றில் குறித்த இடத்திலிருந்து காலி செய்யச் சொல்ல 30 நாள் முன்னறிவிப்பு வேண்டும். நாள் முடிந்தும் எழுந்திருக்காவிட்டால் ஒரு நாளைக்கு 250 ரூபாய் வரை அபராதம் போடலாம், சரக்கையும் எடுக்கலாம். எடுக்கும்போது பொருள்களின் பட்டியல் போட்டு, எடுக்கிற அதிகாரி கையெழுத்திட்டு ஒரு படி வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். அழுகும் சரக்கை உரிமை கோரிய அன்றைக்கே திருப்பித் தர வேண்டும், மற்றதை இரண்டு வேலை நாளுக்குள். அதற்கான கட்டணம் கட்ட வேண்டியிருக்கும்.

இங்கே நடக்கும் தப்பு பட்டியலில்தான். அந்தப் பதட்டத்தில் யாரும் கேட்பதில்லை. வண்டி திரும்பி வரும், தராசு வராது. தராசு வந்தால் படிக்கல் வராது. கேட்டால் “லிஸ்டில் இல்லையே” என்பார்கள். சண்டை போடுவதில் நேரத்தைச் செலவழிக்காமல், கூட இருக்கிற ஒருவர் செல்லில் வீடியோ ஓடவிட்டு, ஒவ்வொரு சாமானையும் சத்தமாக எண்ணிச் சொல்லட்டும்: வண்டி ஒன்று, மின்னணுத் தராசு ஒன்று, தக்காளிப் பெட்டி மூன்று, குடை ஒன்று, கல்லாப்பெட்டி ஒன்று. தார்ப்பாயை மறக்காதீர்கள். கடையில் எடுத்துப் பார்த்தால்தான் அதன் விலை தெரியும்.

“அன்றைக்கே” என்பது நீங்கள் உரிமை கோரிய நாளிலிருந்து கணக்கு. காலை 9 மணிக்கு மீனையோ கீரையையோ எடுத்தார்கள் என்றால் மதியத்துக்குள் எழுத்தில் மனு கொடுத்து, ஒப்புகை முத்திரை வாங்கிவிட வேண்டும். சாயங்காலம் வரை கெஞ்சிப் பார்த்துவிட்டு மறுநாள் மனு எழுதினால் மறுநாள்தான் கணக்குத் தொடங்கும். சரக்கு அதற்குள் குப்பைக்குப் போயிருக்கும்.

சான்று காப்பாற்றாத மூன்று விஷயங்களையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் இவற்றாலும் சிக்கல் வரும். ஒன்று, பிளாஸ்டிக் பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தி எறியும் பிளாஸ்டிக்குக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை. சான்று இருந்தாலும் அபராதம் உண்டு. வாழையிலைக்குப் பஞ்சமில்லாத ஊரில் இதற்கு அபராதம் கட்டுவது வீண். இரண்டு, முத்திரை வைக்காத தராசு. மின்னணுத் தராசுக்கு ஆண்டுக்கு ஒருமுறை, படிக்கல்லுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முத்திரை வைக்க வேண்டும். மூன்று, வீட்டு எரிவாயு சிலிண்டர். வண்டிக் கடையில் சிவப்புச் சிலிண்டர் இருந்தால் அது வேறு சட்டம், வேறு துறை. 5 கிலோ வணிகச் சிலிண்டர் தள்ளுவண்டிக்குப் போதும், ஓரத்தில் அடங்கவும் அடங்கும்.

கடன் எப்படி

பி.எம். ஸ்வநிதி 2020 ஜூன் 1இல் தொடங்கியது. அப்போது முதல் தவணை 10,000, அடுத்தது 20,000, மூன்றாவது 50,000. 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை திட்டத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்து, முதல் தவணையை 15,000 வரையும் இரண்டாவதை 25,000 வரையும் உயர்த்தியது. மூன்றாவது 50,000தான். அடமானம், ஜாமீன் எதுவும் இல்லை. ஒழுங்காகக் கட்டினால் 7 விழுக்காடு வட்டி மானியம் வங்கிக் கணக்குக்கு வரும்.

இதைத் தண்டல் வட்டியோடு வைத்துப் பார்க்காமல் நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியாது. சாதாரண நூறுநாள் தண்டலில் 15,000 என்று எழுதி, 1,500 பிடித்துக்கொண்டு, 13,500 கையில் கொடுத்து, தினம் 150 வீதம் நூறு நாள் வசூலிப்பார்கள். கேட்பதற்குப் பத்து விழுக்காடு போலத் தெரியும். அசல் தினமும் குறைந்துகொண்டே வருவதையும் காலம் மூன்றேகால் மாதம்தான் என்பதையும் சேர்த்துப் போட்டால் ஆண்டுக்கு 80 விழுக்காடு பக்கம் வரும். கந்துவட்டிக்குத் தனிச் சட்டம் 2003லேயே வந்தும், 2017இல் நெல்லை கலெக்டர் அலுவலக வளாகத்தில் ஒரு குடும்பமே தீக்குளித்ததை இந்த மாவட்டம் மறக்கவில்லை.

வங்கிக் கடன் 15,000க்கு வட்டி 12 விழுக்காடு என்று வைத்துக்கொள்வோம். 12 மாதத்தில் அடைக்க மாதத் தவணை சுமார் 1,333. மொத்த வட்டி ஏறத்தாழ 1,000, அதில் 580 போல மானியமாகத் திரும்பி வரும். ஆக, ஒரு முழு ஆண்டுக்குக் கையிலிருந்து போவது 420 ரூபாய் அளவுக்குத்தான். தண்டலில் மூன்றே மாதத்துக்கு 1,500.

கணக்கு இவ்வளவு சாதகமாக இருந்தும் தண்டல்காரர் இன்னும் பஜாரில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அவர் கடைக்கே வருகிறார், காலையில் கேட்டால் மதியம் பணம், தினமும் சில்லறையாக வாங்கிக்கொள்கிறார். வங்கி மாதத்தில் ஒரு நாள் மொத்தமாக எடுக்கிறது. தினம் பணம் புழங்குபவர் கையில் 5ஆம் தேதி 1,333 சேர்ந்து இருப்பது அபூர்வம். தவணை தேதியன்று கணக்கில் பணம் இல்லையென்றால் திருப்பியதற்கான கட்டணம் வேறு பிடிப்பார்கள், கணக்கு வாராக்கடனாகிவிட்டால் மானியமும் போகும், அடுத்த கட்டக் கடனுக்கும் வழி அடைபடும். அதனால் தினம் 50 ரூபாயை அந்தக் கணக்கிலேயே போட்டுவருவதுதான் ஒரே வழி. மாதம் 1,500 சேர்ந்துவிடும், மழை பெய்து இரண்டு மூன்று நாள் கடை போடாவிட்டாலும் தவணைக்குக் குறையாது. விண்ணப்பிக்கும்போது பழைய கடன் நிலுவை உள்ள வங்கியைத் தேர்ந்தெடுக்காதீர்கள். வரும் பணத்தைப் பழைய பாக்கியில் நேர் செய்துகொள்ளும் ஆபத்து இருக்கிறது.

கியூஆர் மூலம் பணம் வாங்கினால் சில்லறை, மொத்த வியாபாரப் பரிவர்த்தனை இரண்டுக்கும் சேர்த்து 1,600 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. ஆனால் பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் பெட்டிக்கு மாத வாடகை எவ்வளவு என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். மாதம் 100 ரூபாய்க்கு மேல் என்றால் ஊக்கத்தொகையில் முக்கால்வாசி அதற்கே போகும். வெறும் கியூஆர் அட்டைக்கு வாடகை கிடையாது.

கடன் விண்ணப்பத்தை ஸ்வநிதி இணையதளத்தில் நேரடியாகப் போடலாம். “கார்டு போட்டு லோன் வாங்கித் தாரேன்” என்று ஆயிரம், ஐந்நூறு கேட்பவருக்குக் கொடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இல்லை.

கத்தையில் மிச்சமுள்ள அட்டைகள்

இ-ஷ்ரம் 2021 ஆகஸ்டில் வந்தது, 12 இலக்க எண், அமைப்புசாராத் தொழிலாளர் என்ற பதிவு. எடுத்து வையுங்கள், லாரிக்காரரிடம் நீட்டாதீர்கள். நலவாரிய அட்டை தொழிலாளர் துறை சார்ந்தது: பிள்ளைகளின் கல்வி உதவி, திருமண உதவி, விபத்து மரண உதவி, 60 வயதுக்கு மேல் ஓய்வூதியம். பணப்பயன் என்று பார்த்தால் கத்தையிலேயே இதுதான் கனமான அட்டை. ஆனால் புதுப்பிக்கும் தேதியைத் தவறவிட்டு, உதவி கேட்கும் நேரத்தில் காலாவதி என்று தெரிந்துகொள்பவர்கள் நிறைய. சங்கத்து அட்டைக்குச் சட்ட மதிப்பு இல்லை என்று ஒதுக்க வேண்டாம். பரிந்துரைக் கடிதத்துக்கு ஆதாரமாகும் என்று மேலே சொன்னோம்.

மதிப்பெண் கேட்டால்: அட்டை மட்டும் என்றால் 5க்கு 2. கம்ப எண், அளவு, நேரத்தோடு எழுதிய சான்று என்றால் 4. ஒரு மதிப்பெண்ணைக் குறைப்பதற்குக் காரணம், முறையீட்டுக்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு என்று 20ஆம் பிரிவில் இருப்பதை, சாதாரண வியாபாரி எட்டிப் பிடிக்கிற தூரத்தில் யாரும் வைக்கவில்லை. திங்கள்கிழமை கலெக்டர் அலுவலகக் குறைதீர் கூட்டத்தில் மனுக் கொடுப்பதுதான் இப்போதைக்குப் பழகிய வழி. ஸ்வநிதிக்கு 3.5.

சான்றை வாடகைக்கு விடுவது, கைமாற்றுவது இரண்டும் கூடாது. விண்ணப்பிக்கும்போதே அதற்கு உறுதிமொழி வாங்கிவிடுகிறார்கள். தானோ தன் குடும்பத்தாரோதான் நடத்த வேண்டும். கூடமாட ஒத்தாசைக்கு ஆள் இருப்பது வேறு, பேருக்குரியவர் வீட்டில் இருக்கக் கூலியாள் கடை நடத்துவது வேறு. இரண்டாவது ரத்துக்குக் காரணமாகலாம். ரத்து செய்யும் முன் விளக்கம் கேட்டாக வேண்டும், அதற்கு மேல்முறையீடும் உண்டு.

வியாபாரி இறந்துபோனாலோ, நிரந்தர ஊனமோ நோயோ வந்தாலோ, மனைவி அல்லது கணவர், அவர் இல்லையென்றால் சார்ந்திருக்கும் பிள்ளை, அதே இடத்தில் தொடரலாம். ஆனால் அந்தச் சான்றின் காலம் முடியும் வரைதான். அதற்குப் பிறகு சொந்தப் பேரில் புதிதாக வாங்க வேண்டும். நெல்லைத் தெருக்களில் கூடையோடு உட்கார்ந்திருப்பது மனைவி, அட்டையில் இருப்பது கணவர் பேர் என்ற நிலைமை சர்வசாதாரணம். அடுத்த கணக்கெடுப்புக்கு ஆள் வரும்போது, கடையில் உட்கார்ந்து விற்பவர் எவரோ அவர் பேரையும் அவர் ஆதாரையும் கொடுத்து, போட்டோவுக்கும் அவரையே நிறுத்துங்கள்.